அக்காவின் காரில் வேறு இஞ்சின்

அக்காவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மாமா. அக்காவின் கணவரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணமான மறு வருஷம், சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார கேப்டன் விட்டுச் சென்ற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை அவர் வாங்கிக்கொண்டு வந்தார். அப்போதே அது பழைய வண்டி. பச்சை நிறம். கதவு முழங்கால் உயரம்தான். நீளமான மூக்கின் மேல் பானட் எழும்பாமல் இருக்க ஒரு தோல் பெல்ட். கூரை என்று சொல்லிக்கொள்ள ஒரு கித்தான் துணி இருந்தது. மழை வந்தால் அதுவும் ஒழுகும். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இது என்ன, வண்டியா செருப்பா? காலை விட்டு மாட்டிக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

நாங்கள் பட்டாளத்துக் கண்டோன்மென்ட் பக்கம், சூளையில் இருந்தோம். அம்மாவும் நானும் ஒரு தெருவில், அக்காவும் மாமாவும் அடுத்த தெருவில். அக்கா வீட்டுக்குப் பின்னால் பெரிய முற்றம், அதன் மூலையில் ஓடு போட்ட ஒரு ஷெட். மாமா விமானப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முதல் பூசை முடிந்ததும் அக்காவை உட்காரவைத்து பரேடு மைதானத்துப் பக்கம் அழைத்துப் போவார். மூன்றே மாதத்தில் அக்கா தானே ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகி, தலைக்கு ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அவள் ஓட்டிப் போகும்போது சிப்பாய்கள் நின்று பார்ப்பார்கள். சிலர் சீட்டி அடிப்பார்கள். அக்கா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். சீட்டுக்குப் பின்னால், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் நான் கால்களை மடக்கி உட்கார்ந்திருப்பேன். காற்று முகத்தில் அறையும். "பயமா இருக்காடி?" என்று அக்கா கத்துவாள். "இல்லக்கா, இன்னும் வேகமா போ" என்று நான் கத்துவேன். மாமா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் வந்த பயணியைப் போலச் சும்மா இருப்பார். அவருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

உலகச் சண்டை வந்த பிறகு பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. வண்டி பெரும்பாலும் ஷெட்டிலேயே நின்றது. கூப்பன்களைச் சேர்த்து வைத்து ஒரு தடவை ஆனேக்கலுக்குப் போனோம், மாமாவோடு வேலை செய்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு. திரும்பி வரும்போது அக்கா ஓட்டினாள். ஒரு ஏற்றத்தில் வண்டி திணறியது. அவள் கியரை மாற்றி மிதித்தாள். அடியிலிருந்து சம்மட்டியால் ஓங்கி அடித்ததுபோல ஒரு சத்தம். அப்புறம் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோலக் கொஞ்ச தூரம். அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

மாமா பெல்ட்டை அவிழ்த்து பானட்டைத் தூக்கினார். இஞ்சினின் பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே இருந்த ராடு ஒடிந்து, இரும்பைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ரோட்டில் எண்ணெய் கறுப்பாக வழிந்தது.

"நான் என்ன பண்ணிட்டேன்?" என்று அக்கா அழ ஆரம்பித்தாள்.

"நீ ஒண்ணும் பண்ணலே. அதுக்கு வயசாச்சு. நான் ஓட்டியிருந்தாலும் இங்கதான் நின்னிருக்கும்" என்றார் மாமா.

ஒரு மாட்டு வண்டிக்காரர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மாடுகளின் பின்னால் வந்தாள். அந்த வண்டிக்கு வேறு இஞ்சின் வேண்டுமென்றால் சீமையிலிருந்துதான் வர வேண்டும். சண்டை நடக்கும்போது கப்பலில் யார் அதை ஏற்றுவார்கள்? மாமா வண்டிமேல் சாக்குகளைப் போட்டு மூடிவிட்டார்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அக்காவுக்கு இருமல் வந்தது. முதலில் சளி என்றோம். பிறகு சாயங்காலக் காய்ச்சல். பிறகு ஒரு நாள் கைக்குட்டையில் ரத்தம். லேடி டாக்டரம்மா வந்து நெஞ்சிலும் முதுகிலும் குழாயை நெடுநேரம் வைத்துக் கேட்டார். வெளியே வந்து, க்ஷயம் என்று மாமாவிடம் சொன்னார். நல்ல காற்று, பால், முட்டை, படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. தூரத்தில் அதற்கென்று இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றும் சொன்னார். அக்கா மாட்டேன் என்றுவிட்டாள். "செத்தா என் வீட்டுல சாவறேன்" என்று அவள் சொன்னது மாமாவின் காதில் விழுந்தது. அவர் எழுந்து பின்பக்கம் போய்விட்டார்.

கான்வென்ட்டில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தேன். அதை விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டேன். முற்றத்தைப் பார்த்த அறையில் அவளுக்குக் கட்டில் போட்டோம். ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும். அங்கிருந்து பார்த்தால் ஷெட் தெரியும்.

ஒரு நாள் வேலையிலிருந்து மாமா ஒரு கைவண்டியோடு வந்தார். அதில் ஒரு இஞ்சின், கியர்பாக்ஸோடு சேர்த்து. ஒரு சேட்டுடைய பெரிய அமெரிக்க கார் ஏரிக்கரையில் உருண்டு நொறுங்கிவிட்டதாம். இஞ்சினுக்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லையாம். முகம் கழுவாமல் நேராக அறை வாசலுக்கு வந்து நின்றார்.

"உன் வண்டிக்கு இஞ்சின் கிடைச்சிருச்சு. ஆறு சிலிண்டர்."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் பழைய களை. "ஆறா? நம்ம வண்டியில அது உக்காருமா?"

"உக்கார வெச்சுடறேன்."

"சரியானதும் முதல்ல நான்தான் ஓட்டுவேன். நீங்க இல்ல."

"நீதான்" என்றார் மாமா.

மறுநாளிலிருந்து ஷெட்டில் வேலை. சாயங்காலம் பட்டறை விட்டதும் அவர் அங்கேதான். பிளாக்பள்ளியில் லேத் வைத்திருந்த ஒரு பாய் ஞாயிற்றுக்கிழமைகளில் துணைக்கு வருவார். பெரிய உடம்பு, வாய் நிறைய வெற்றிலை. இருவரும் உத்தரத்தில் சங்கிலி கட்டி, உடைந்த இஞ்சினைத் தூக்கி வெளியே வைத்தார்கள். புதியதை இறக்கிப் பார்த்தபோது அது முன்பக்கமும் இடித்தது, பின்பக்கமும் இடித்தது.

"அரே, இது ஆட்டுக்குட்டி மேல யானையை ஏத்தற வேலை" என்றார் பாய்.

ரேடியேட்டரை முன்னால் தள்ளி வைத்தார்கள். அப்படியும் போதவில்லை. இஞ்சினுக்கும் உட்காருகிற இடத்துக்கும் நடுவில் இருந்த தகரச் சுவரை வெட்டிப் பின்னால் நகர்த்தினார்கள். கியர்பாக்ஸ் உள்ளே வந்துவிட்டதால் சக்கரத்துக்குப் போகும் நீள ஷாஃப்டைக் குறைக்க வேண்டியிருந்தது. பாய் அதைத் தன் பட்டறைக்கு எடுத்துப் போய் அறுத்துக் கடைந்து கொண்டுவந்தார். இஞ்சின் உட்கார இரும்புத் தாங்கிகளை மாமாவே கையால் அராவினார். அரம் இழுக்கும் சத்தம் முற்றத்தைத் தாண்டி அறைக்குள் வரும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். "இப்ப ஓட்டை போடறார்." "இப்ப தகரம்." படுத்தபடியே எனக்குச் சொல்லுவாள்.

மாமா தினமும் அறை வாசல் வரை வருவார். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, அன்றைக்கு என்ன ஆயிற்று என்று சொல்லுவார். உள்ளே வர மாட்டார். தொற்றிக்கொள்ளுமென்ற பயமோ என்று முதலில் நினைத்தேன். அது இல்லை. அக்கா குடித்து மிச்சம் வைத்த காபியை அவர் எடுத்துக் குடித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் வாசலில் நின்று, தயங்கித் தயங்கி, "பக்கத்து சீட்டுலதான் கொஞ்சம் இடம் குறைஞ்சிருச்சு. கியர்பாக்ஸ் அந்தப் பக்கம் சாஞ்சுக்கிட்டு வருது. காலை நீட்ட முடியாது" என்றார்.

"பக்கத்து சீட்டுல நீங்கதானே உக்காருவீங்க? மடக்கிக்கிட்டு உக்காருங்க" என்று அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, நான் முதுகைத் தடவிவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் அவர் இல்லை.

நாளாக ஆக அக்கா இளைத்துக்கொண்டே போனாள். வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டாள். கையை இறக்கினால் தானாகவே விழுந்துவிடும். ஷெட்டில் என்ன செய்கிறார்கள் என்று கேட்பதும் குறைந்தது. ஒரு சாயங்காலம் சொன்னாள்: "அவரைக் கொஞ்ச நேரம் வந்து உக்காரச் சொல்லுடி."

நான் ஷெட்டுக்குப் போய்ச் சொன்னேன். "இதோ, இந்த ஒரு போல்ட் மட்டும்" என்றார். வரவில்லை. மறுநாளும் அக்கா கேட்டாள். மறுநாளும் ஏதோ ஒரு குழாய். அதற்கு மறுநாள் எனக்குத் தாங்கவில்லை.

"அவ உங்களைக் கேக்கறா மாமா. காரைக் கேக்கலே."

அவர் தலை நிமிரவில்லை. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வந்து நான் என்ன பண்ணட்டும், சொல்லு" என்றார். "அவ இருமறா. நான் பாத்துக்கிட்டு நிக்கறேன். வேற என்ன பண்ண முடியுது? இங்க ஏதாவது சரியில்லேன்னா எதைக் கழட்டணும், எதை மாட்டணும்னு எனக்குத் தெரியும். அங்க எனக்கு ஒண்ணுமே தெரியலே."

"அவளுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம். பக்கத்துல உக்காந்தாப் போதும்."

"வரேன். இது ஓடட்டும், வரேன்."

திரும்பி வந்து, கை வேலையாக இருக்கிறார், முடித்துவிட்டு வருவார் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வண்டி ஓடிய நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா வந்திருந்தாள். பாய் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மாமா கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். இரண்டு சுற்றில் பிடித்துக்கொண்டது. பழைய இஞ்சின் படபடவென்று அடித்துக்கொள்ளும். தெரு முனையில் வரும்போதே நம் வண்டி என்று தெரிந்துவிடும். இது தொண்டைக்குள் முணுமுணுப்பதுபோல ஒரே சீராக ஓடியது. பானட் முழுதாக மூடவில்லை; பெல்ட்டை ஒட்டுப் போட்டு நீளமாகத் தைத்துக் கட்டியிருந்தார்கள். பாய் மாமாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

மாமா முகத்தையும் கையையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு அறைக்குள் வந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாசலைத் தாண்டினார். அக்காவைப் போர்வையோடு தூக்கிக்கொண்டார். தூக்கிய உடனே அவர் முகம் மாறிவிட்டது. அவள் எடை எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அவர் கை அப்போதுதான் தெரிந்துகொண்டது. வெளியே கொண்டுவந்து ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்தார்.

அக்கா இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். தடவிப் பார்த்தாள். கிளட்சை மிதித்தாள், பாதிதான் இறங்கியது. மறுபடி மிதித்தாள். மாமா வெளியே நின்றபடி கதவுக்கு மேல் குனிந்து, தன் கையால் அவள் காலை அழுத்தி, கியரைப் போட்டு, மெல்ல விட்டார். வண்டி முற்றத்தில் மெல்ல நகர்ந்தது. கேட் பக்கம் திருப்ப வேண்டும். அக்கா இழுத்தாள். கழுத்து நரம்பு புடைக்க இழுத்தாள். அந்தப் பெரிய இஞ்சினின் பாரம் முழுவதும் முன் சக்கரங்கள் மேல் இருந்தது. ஸ்டியரிங் அசையவில்லை. மாமா கையை நீட்டி இஞ்சினை நிறுத்தினார்.

அக்கா ஸ்டியரிங்கிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ தள்ளி உக்காரு. நான் ஓட்டறேன்" என்றார் மாமா.

பக்கத்து சீட்டில் அவளுக்குக் காலை வைக்க இடமில்லை. கால் இரண்டையும் சீட்டின்மேல் மடக்கி, போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். தெரு முனை வரை போய்த் திரும்பி வந்தார்கள். நடந்து போகிற வேகம்தான். வீட்டு வாசல்களில் எல்லாரும் நின்று பார்த்தார்கள். திரும்பி வந்தபோது அக்காவின் உதடு வெளுத்திருந்தது. இஞ்சின் சூடும் புகையும் அந்தப் பக்கம்தான் வந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் மாமா.

"ரொம்ப நல்லா ஓடுது" என்றாள் அக்கா. "சத்தமே இல்ல."

அறையில் படுக்கவைத்து நான் வியர்வையைத் துடைத்துவிட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது என் வண்டி இல்லடி" என்றாள். "அவர்கிட்ட சொல்லிடாதே. எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கார்."

நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஸ்டியரிங் திரும்பாததை அவரும்தானே பார்த்தார்.

வண்டி ஓடிவிட்டது, இனி வந்து உட்காருவார் என்று நான் நினைத்தேன். மறுநாளே முன்பக்கத்தைக் கழற்றிப் போட்டார். லாரியுடைய ஸ்டியரிங் பெட்டி ஒன்று கிடைத்திருக்கிறது, அதை மாட்டினால் ஒரு விரலால் திருப்பலாம் என்றார். "அப்ப அவளே ஓட்டலாம்." அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாதா கோயில் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டுப் போன நாள் மாமா கட்டிலின் கால்மாட்டில் முழங்காலில் இருந்தார். எல்லா ஜெபமும் முடியும்வரை இருந்தார். அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அக்காவுக்கு மூச்சு முட்டியது. நான் தலையைத் தூக்கி என் தோளில் சாய்த்துக்கொண்டேன். ஏதோ சொல்ல வந்தாள், வாய் நிறைய ரத்தம் வந்தது. அவ்வளவுதான். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் முற்றத்தைத் தாண்டி ஓடினேன். மாமா வண்டிக்கு அடியில் இருந்தார். இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"மாமா."

"இதோ வரேன்" என்றார் அடியிலிருந்து.

"மாமா, வாங்க."

உள்ளே ஸ்பானர் தரையில் விழுந்த சத்தம். ஆனால் அவர் வெளியே வரவில்லை. நான் அங்கேயே நின்றேன். அவர் பாதங்களையும் உள்ளே இழுத்துக்கொண்டார். பாயை வரவழைத்தோம். அவர்தான் பேசிப் பேசி மாமாவை வெளியே இழுத்தார்.

அடக்கம் முடிந்து, முப்பதாம் நாள் பூசையும் முடிந்த பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். அக்கா இறந்தால் அந்த வீட்டுக்குத் தங்கை மனைவியாகப் போவது. சாமியாரிடம் அம்மா ஏற்கெனவே பேசியிருந்தாள். அதற்கு மேற்றிராணியாரிடம், பிஷப்பிடம், அனுமதி வாங்கிவிடலாம் என்றாராம். "நல்ல மனுஷன். குடிக்க மாட்டார். அவளை ஒரு வார்த்தை அதட்டினதில்ல" என்றாள் அம்மா.

எனக்கு இஷ்டமில்லை. அந்த அறையில், அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி இருப்பேன்? இல்லை என்று சொல்லத்தான் இருந்தேன். எப்படிச் சொல்வது, அம்மா மனம் நோகாமல் எந்த வார்த்தையில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மாமாவே வந்தார். அம்மா காபி போட உள்ளே போனதும் சொன்னார்:

"உங்கம்மா பேசினாங்க. நான் வேண்டாம்னு சொல்லப் போறேன். நீ தப்பா எடுத்துக்கக் கூடாது."

நான் உள்ளே அம்மா வருகிறாளா என்று பார்த்தேன்.

"நான் உக்காராத நேரமெல்லாம் அவ பக்கத்துல நீ உக்காந்திருந்தே. உன்னைப் பாக்கறப்பெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருது. தினம் காலையில எழுந்து அதைப் பாக்க என்னால முடியாது."

நான் வேண்டாமென்று சொல்ல இருந்த ஒன்றைத்தான் அவர் வேண்டாமென்றார். ஆனாலும் அவர் போன பிறகு நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எதற்கு அழுதேன் என்று இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. அக்காவுக்காக மட்டும் இல்லை.

ஸ்டியரிங் பெட்டியை அவர் மாட்டி முடித்தார் என்று பாய் சொன்னார். ஒரு விரலால் திரும்பியதாம். வண்டியை ஆனேக்கல்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அவர் இஞ்சினை மட்டும் எடுத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்க வைத்துக்கொண்டார் என்றும், மற்றதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார் என்றும் கேள்விப்பட்டோம். சண்டை முடிந்த பிறகு மாமா விமானப் பட்டறையை விட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்கு ஒரு மில் வேலைக்குப் போனார். நானும் அம்மாவும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம். அம்மா பொட்டலத்தில் சோறு கட்டிக் கொடுத்தாள். வண்டி கிளம்பும்வரை அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலிக்கு என்ன தைலம் தேய்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் திரும்பக் கான்வென்ட்டுக்கே வேலைக்குப் போனேன். எனக்கு வந்த இரண்டொரு வரன்கள் சரியாக வரவில்லை. பிறகு யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்மா இறந்தபோது தந்தி கொடுத்திருந்தேன். மாமா வந்தார், மனைவியோடும் ஒரு கைக்குழந்தையோடும். தலை நரைத்திருந்தது. அடக்கம் முடியும்வரை ஆண்களோடு வெளியிலேயே நின்றார். அவர் மனைவி, என்னைவிட வயதில் சின்னவள், உள்ளே வந்து யாரையும் கேட்காமல் பாத்திரங்களைத் துலக்கினாள், வந்தவர்களுக்குக் காபி கலந்தாள். கூட்டம் கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலேக்கா" என்றாள்.

குழந்தை சிணுங்கியது. அவள் கஞ்சி ஊற்றி எடுத்துவரும்வரை நான் வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். நல்ல கனமான குழந்தை. என் விரலைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போயிற்று.